கடல் கடந்து அலுவலுக்குச் செல்வோரும் அவர்தம் இல்லத்தாரும்

சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று, அலசூரிலிருந்து ஓர் அம்மையார் எழுதியது. அவருடைய கணவர் மைய அரசின் நிறுவனமொன்றில் பணிபுரிகின்றார். மூன்று திங்கள் அலுவலாகக் கென்யா நாட்டிற்குச் செல்லுமாறு அவருக்கு ஆணை வந்திருக்கின்றது. “ஊசி போடவேண்டும் என்கிறார்கள்; இன்னின்ன பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். அவரைக் கேட்டால், ‘எல்லாம் அலுவலகத்தில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்லிவிடுகிறார். வீட்டிலிருக்கும் நாங்கள் செய்யவேண்டியது ஏதேனும் உண்டா?” என்பது அவருடைய வினா.

அக்கணவர் கூறிய சொல் நமக்குப் புதிதன்று. அலுவலகத்தில் ‘பார்த்துக்கொள்ளும்’ மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போர் நம்போன்ற எழுத்தர்களே. ஆணைக்குப் படி எடுப்பதும், கடவுச்சீட்டு விண்ணப்பத்தை மேலிடத்திற்கு அனுப்புவதும், தடுப்பூசிச் சான்றின் படியைக் கோப்பில் சேர்ப்பதும் நம் பணி. அக்கோப்பில் எது அடங்கும், எது அடங்காது என்பதை அறிந்தவராதலின் ஒன்று சொல்கின்றோம். முன்னெச்சரிக்கைகளுள் பாதிதான் அலுவலகத்தைச் சேர்ந்தது. மறுபாதி இல்லத்தைச் சேர்ந்தது. இல்லத்தார்க்குத் தெரியாமல் கோப்பில் மட்டும் உறங்கும் அறிவுரையால் எவருக்கும் பயன் விளையாது. இதனை நாம் நூலில் படித்து அறியவில்லை. அறிந்த வகையைப் பின்னர்க் கூறுவோம்.

நம் நகரத்திலிருந்து அரசின் அலுவலாகக் கடல் கடப்போர் மிகச் சிலரே என்று எண்ணவேண்டா. 1981ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘ஆப்பிள்’ என்னும் செய்தித்தொடர்புத் துணைக்கோள், தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரெஞ்சு கயானாவில், கூரூ என்னும் ஏவுதளத்திலிருந்து ஏவப்பட்டது. அதன்பின் நம் விண்வெளி நிறுவனத்தின் கனத்த துணைக்கோள்கள் பல அங்கிருந்தே விண்ணேறின. 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்ற ஜிசாட்-24 அவற்றுள் ஒன்று. துணைக்கோளோடு பெங்களூரிலிருந்து பொறியாளரும் தொழில்நுட்பப் பணியாளரும் சென்று கிழமைக்கணக்கில் தங்கி வேலை பார்த்தனர். விண்ணூர்திகள் எழும் அவ்விடத்தைச் சூழ்ந்திருப்பதோ கொசு மலிந்த வெப்பமண்டலக் காடு! மஞ்சட் காய்ச்சலுக்கு ஊசி போட்ட சான்று இல்லாதவரை அந்நாடு உள்ளே விடுவதில்லை.

இருப்புப்பாதைத் துறையினரும் பின்தங்கியவர் அல்லர். 1974ஆம் ஆண்டு தோன்றிய ‘ரைட்ஸ்’ நிறுவனம், 1979 முதல் 1982 வரை நைஜீரிய நாட்டின் இருப்புப்பாதை நிருவாகத்தையே ஏற்று நடத்தியது. அதற்கென நம் நாட்டு இருப்புப்பாதைப் பணியாளர் பெருந்தொகையினராய் அங்குச் சென்றனர். பின்னர் 2004ஆம் ஆண்டில் மொசாம்பிக் நாட்டின் பெய்ரா துறைமுகத்திலிருந்து உள்நாடு செல்லும் பாதையைச் சீரமைக்கும் பொறுப்பும் நம்மவர் கைக்கு வந்தது. ஈழத்தின் வடபுலப் பாதையை ‘இர்கான்’ நிறுவனம் மீண்டும் அமைத்து, 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் யாழ்ப்பாணத்திற்குப் புகைவண்டி திரும்பியதை நம் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

கென்யாவுக்கு நம் நாட்டவர் இருப்புப்பாதை வேலையாகச் செல்வதும் புதிய செய்தியன்று. 1896ஆம் ஆண்டிற்கும் 1901ஆம் ஆண்டிற்கும் இடையே மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை வெள்ளையர் பாதை போட்டபோது, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் உயிரோடு திரும்பவில்லை. சாவோ ஆற்றங்கரையில் இரண்டு சிங்கங்கள் தொழிலாளரைத் தூக்கிச் சென்ற கதையை உலகமே அறியும், திரைப்படங்கூட வந்தது. ஆயினும் சிங்கத்திற்கு இரையானோர் சிலரே. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் இரையானோரே பலர். அவர்களைப் பற்றித் திரைப்படம் எடுப்பார் எவருமில்லை.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சொல்வோம். நம் நண்பர் ஒருவர், திருப்பத்தூர்ப் பக்கத்தவர், பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிபவர், நான்கு திங்கள் அலுவலாகக் கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றிற்குச் சென்றார். அவருடைய கோப்பை ஆயத்தம் செய்தவர் நாமே. உடல்நலக் குறிப்புகள் அடங்கிய ஆங்கிலத் தாள் ஒன்று அக்கோப்பில் இருந்தது. ‘படித்தறிந்தேன்’ என்ற இடத்தில் அவரிடம் கையொப்பம் வாங்கி, தாளைக் கோப்பிலேயே வைத்துக் கட்டினோம். அவர் படித்தாரா என்று நாம் கேட்கவில்லை. படிப்பதற்கு அத்தாளை அவரிடம் கொடுக்கவும் இல்லை.

அங்கு இருந்தவரை நண்பர் மலேரியாத் தடுப்புக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டுவந்தார். அது டாக்சிசைக்ளின் என்னும் மருந்து. பெங்களூரில் வந்து இறங்கியதும் நிறுத்திவிட்டார். “கொசுவை விட்டு வந்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு?” என்பது அவர் எண்ணம். அம்மருந்தை, நோயுள்ள நாட்டை விட்டு நீங்கிய பின்னும் நான்கு கிழமை உண்ணவேண்டும் என்பது நம் கோப்பிலிருந்த தாளில் அச்சாகியிருந்தது! கொசுவின் வழியே உடலுள் புகுந்த நுண்ணுயிர் முதலில் ஈரலில் ஒளிந்திருந்து, பிறகே குருதியில் இறங்குகிறது. இறங்கும்போது அதனை அழிக்க அங்கே மருந்து இருக்கவேண்டும். நான்கு கிழமைக் கணக்கின் பொருள் இதுதான். அடோவாகுவோன், புரோகுவானில் என்னும் இரண்டும் சேர்ந்த வேறொரு மாத்திரையாயின் திரும்பிய பின் ஏழு நாள் போதும். எதனை யார் உண்ணலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்; கருவுற்றோர்க்கும் சிறுவர்க்கும் டாக்சிசைக்ளின் ஆகாது.

ஊர் திரும்பிய பதினேழாம் நாள் நண்பருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டன. அது செப்டம்பர் மாதம். தெருவில் வீட்டுக்கு வீடு டெங்கு என்ற பேச்சு. அருகிலிருந்த சிறு மருத்துவமனையில் டெங்குவிற்குக் குருதி பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவர் பயணம் பற்றிக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நாலாம் நாள் இரவு அவர் பேச்சுத் தடுமாறியது. ஊரிலிருந்து வந்திருந்த தாயை, நாற்பதாண்டுகளுக்கு முன் இறந்துபோன அத்தை என்று எண்ணிப் பேசத் தொடங்கினார். மனைவியும் மைத்துனரும் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கே இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர், கன்னடப் பெண்மணி, முதலில் கேட்ட வினாக்களுள் ஒன்று, “அண்மையில் வெளியூர் எங்கேனும் போய் வந்தாரா?” என்பது.

“வெளியூர் எங்கேயும் இல்லை, டாக்டர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அதுவும் மூன்று வாரம் ஆகிவிட்டதே” என்றாராம் அவர் மனைவி. ஏதோ தொடர்பில்லாத செய்தியைப் போலத்தான் அதனைச் சொன்னாராம்.

அச்சொல்லே அவர் உயிரைக் காத்தது. ஒரு மணி நேரத்திற்குள் குருதியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்து, ‘பால்சிபாரம்’ என்னும் கொடிய மலேரியா என்று கண்டனர். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது அது. ஒன்றிரண்டு நாளில் ஆளை வீழ்த்தக்கூடியது. ஆர்டிசுனேட் என்னும் ஊசியை நரம்பின் வழியே ஏற்றினார்கள். சிறுநீரகம் தளர்ந்துவிட்டமையால் இருமுறை குருதியைச் சுத்திகரிக்க நேர்ந்தது. பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பினார். இன்று நலமாக இருக்கின்றார். நாம் பார்க்கச் சென்றபோது அவர் நம்மை நொந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மனைவிதான், “அந்தத் தாளை எங்களிடம் ஒரு படி கொடுத்திருந்தால், நாளும் மாத்திரையை எடுத்து நானே கையில் கொடுத்திருப்பேனே, அண்ணா” என்றார். மறுமொழி கூற நம்மிடம் ஏதும் இல்லை.

ஆதலின் அலசூர் அம்மையார்க்கும் அவர்போன்றோர்க்கும் நாம் சொல்வதில் தலையாயது இது. கணவரோ மகனோ ஆப்பிரிக்காவிலிருந்தோ அதுபோன்ற வெப்பநாட்டிலிருந்தோ திரும்பி வந்த நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து மூன்று திங்களுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்டாலும் கேளாவிட்டாலும், நாட்டின் பெயரையும் திரும்பிய நாளையும் முதலில் சொல்லுங்கள். மலேரியாவிற்குக் குருதி பார்க்குமாறு கேளுங்கள். ஒருமுறை பார்த்து இல்லை என்று வந்தால் அமைதியடைய வேண்டா. காய்ச்சல் நிற்காவிடில் மறுநாளும் பார்க்கவேண்டும். விவாக்ஸ் என்னும் மற்றொரு வகை, ஈரலில் உறங்கி ஓராண்டு கழித்து எழுவதும் உண்டு. நைரோபி உயர்ந்த மேட்டுநிலமாதலின் அங்கு அச்சம் குறைவு; மொம்பாசாக் கடற்கரைக்கும் ஏரிக்கரைக்கும் சென்றால் மிகுதி. கணவர் எங்கெங்கே தங்குவார் என்பதைச் சொல்லி மருத்துவரிடம் மாத்திரையை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

“நாம் பிறந்ததிலிருந்து கொசுக்கடியிலேயே வளர்ந்தவர்கள், நம்மை என்ன செய்யும்?” என்று சிரிப்போரும் உளர். பெங்களூர்க் கொசுவிடம் கடிபட்டவர்க்கு மொம்பாசாக் கொசுவிடம் சலுகை ஏதுமில்லை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று மெய்ப்பித்த ரொனால்டு ராஸ் நம் ஊரில் பணிபுரிந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1883ஆம் ஆண்டில் பெங்களூர்ப் படைத்தளத்தில் மருத்துவராக இருந்தபோது, தேங்கிய நீரை அகற்றினால் கொசு குறைவதை அவர் கண்டார். பின்னர் 1897ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள் செகந்திராபாதில், கொசுவின் வயிற்றில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். 1902ஆம் ஆண்டு நோபல் பரிசும் பெற்றார். அவர் நடந்த ஊரில் வாழும் நமக்கு இவ்வளவு அசட்டை கூடாது.

மஞ்சட் காய்ச்சலைப் பற்றியும் சொல்லவேண்டும். பலர் இதனை மஞ்சட் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லியைத் தேடுகிறார்கள். இது வேறு, கொசுவால் பரவும் நச்சுயிர் நோய், மருந்தில்லாதது, ஆனால் ஒரே ஊசியால் தடுக்கக்கூடியது. 1937ஆம் ஆண்டு அவ்வூசி மருந்தை ஆக்கிய மாக்ஸ் தைலர் 1951ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்றும் போடப்படுவது அம்மருந்தின் வழிவந்ததே. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். திங்கட்கிழமை பயணத்தை வைத்துக்கொண்டு சனிக்கிழமை ஊசிக்கு ஓடுவோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்காக நாள்களை யாரும் சுருக்க இயலாது. எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வூசி போடுவதில்லை. அரசு ஒப்புதல் பெற்ற நிலையங்களில் மட்டுமே போட்டு, மஞ்சள் நிறச் சான்றேடு தருவார்கள். சில நிலையங்களில் கிழமைக்கு ஓரிரு நாள்களே போடுவர். முன்னரே கேட்டறிந்து, கடவுச்சீட்டையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் முதல் ஒருமுறை போட்ட சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி திருத்தப்பட்டது. ஆகவே பழைய சான்றேட்டை எறிந்துவிடாதீர்கள். அறுபது வயது கடந்தோரும், முட்டை ஒவ்வாதோரும், கருவுற்றோரும் ஊசிக்கு முன் மருத்துவரிடம் அதனைக் கூறவேண்டும்.

இச்சான்று செல்லும் நாட்டிற்காக மட்டும் வேண்டப்படுவதன்று. திரும்பி வரும்போது நம் நாடும் கேட்கும். கென்யா போன்ற நாட்டிலிருந்து சான்றின்றி வந்து தேவனகள்ளி வானூர்தி நிலையத்தில் இறங்கினால், ஆறு நாள் வரை தனியிடத்தில் வைத்துவிடுவார்கள். வழியில் அத்தகைய நாட்டில் வானூர்தி மாறி, நிலையத்தை விட்டு வெளியே போய்வந்தவர்க்கும் இதே விதி. கொடுமை என்று சிலர் குறைகூறுகிறார்கள். நம் நாட்டில் இதுவரை மஞ்சட் காய்ச்சல் புகுந்ததில்லை. ஆனால் அதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுப் பூந்தொட்டியிலேயே இருக்கின்றது. ஒருவர் கொண்டுவந்தால் போதும்.

நம் நகரத்தின் பழைய கதையை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். 1898ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தது; புகைவண்டியில் வந்த பயணியரோடுதான் வந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டனர். நிலையங்களில் பயணியரை நிறுத்திச் சோதித்தனர். ஊர் பரந்து மல்லேசுவரமும் பசவனகுடியும் எழுந்ததற்கும், தெருமுனைகளில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் தோன்றியதற்கும் அந்நோயே காரணம். அக்கோயில்களில் இன்றும் நம் இல்லத்தார் கூழ் ஊற்றுகிறார்கள்.

தமிழர்க்கோ தனியிடத்தில் வைக்கும் வழக்கம் இன்னும் நெருங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, காலராவோ பிளேக்கோ இல்லையென்று கண்ட பின்னரே அனுப்பப்பட்டனர். அவர்களை ஒருவரும் ‘ஐயா’ என்று அழைத்துச் சான்று கேட்கவில்லை. அரசு செலவில் ஊசியும் சான்றும் பெற்றுச் செல்லும் நாம், வரிசையில் நிற்பதற்கே முகம் சுளிக்கிறோம்!

மற்றைய உடல்நலச் செய்திகளை விரிக்கவில்லை. கொதித்தாறிய நீர், உப்புச் சருக்கரைக் கரைசல் பொட்டலம், நெடுநேரம் வானூர்தியில் இருக்கையில் அவ்வப்போது எழுந்து நடத்தல், இவற்றை எல்லோரும் அறிவர். நீரிழிவு நோயாளர்க்கு மட்டும் ஒரு சொல்: இன்சுலினைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், அடியில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெடலாம். மருத்துவரின் சீட்டில் மருந்தின் வணிகப்பெயரோடு மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். நம் ஊர் மாத்திரையின் பெயர் நைரோபிக் கடைக்காரருக்குத் தெரியாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும், டிரமடால் என்னும் வலி மாத்திரையும் வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன்னிசைவின்றிக் கொண்டுபோய்ச் சிறை சென்றோர் உண்டு.

இவ்விடத்தில் இல்லத்தரசியார் அஞ்சறைப் பெட்டியையும் பார்க்கவேண்டும். நாம் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா, அபினிச் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு நாட்டிலும் சவுதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். பெங்களூரிலிருந்து ஆப்பிரிக்கா செல்வோர் பலர் துபாயில் இறங்கி மாறுகின்றனர். அன்போடு அரைத்துக் கட்டிக்கொடுத்த மசாலாப் பொடியில் கசகசா இருந்தால் அதனை விளக்குவதற்குள் வானூர்தி போய்விடும். அத்தோடு நின்றால் நல்வினை.

பாதுகாப்பைப் பற்றிக் கூறப்புகின், ‘நாம் சிறிய ஊழியர், நம்மை யார் பொருட்படுத்துவார்?’ என்னும் எண்ணத்தையே முதலில் விலக்கவேண்டும். 2008ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் காபூலில் நம் தூதரகத்தின் வாயிலில் வெடித்த குண்டு, ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்களுள் படைத்துறை உயர் அலுவலரும் தூதரக அலுவலரும் இருந்தனர். வாயில் காத்த காவலர் இருவரும் இருந்தனர். அதற்கு முன், 2005ஆம் ஆண்டு நவம்பரில், ஆப்கானித்தானத்தில் சரஞ்சு முதல் தெலாராம் வரை 218 கிலோமீட்டர் நீளத்திற்கு நம் எல்லைச் சாலை அமைப்பு போட்டுவந்த சாலையில் கடத்திக் கொல்லப்பட்டவர், கேரளத்தைச் சேர்ந்த ஓர் ஓட்டுநர். பதவியின் உயரத்தை அளந்து எவரும் பகை கொள்வதில்லை. நாட்டின் பெயரைத் தாங்கிச் செல்பவர் என்பதே அவர்களுக்குப் போதும்.

ஆகவே சென்ற நாட்டில் இறங்கியவுடன் நம் தூதரகத்தில் பெயரையும் தங்குமிடத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதையும், இருட்டிய பின் தனியே உலவுவதையும் தவிர்க்கவேண்டும். அரசு அலுவலாகச் செல்வோர்க்கு வழங்கும் வெள்ளை அட்டைக் கடவுச்சீட்டை விடுதி மேசையில் எறிந்துவிட்டுப் போகக் கூடாது. அலுவல் முடிந்து திரும்பியதும் அதனை ஒப்படைத்துவிட வேண்டும். சொந்தச் சுற்றுலாவுக்கு அது உரியதன்று. தொலைந்தால் அவ்வூர்க் காவல்நிலையத்தில் எழுதிக்கொடுத்து, அதன் படியோடு தூதரகத்தை அணுகவேண்டும். தாயகம் திரும்புவதற்கென அவசரச் சான்று தருவார்கள்.

அலுவலகக் கோப்புகளை மடிக்கணினியில் நிறைத்துக்கொண்டு செல்வதும், விடுதிக் கூடத்தில் உரத்த குரலில் வேலையைப் பற்றிப் பேசுவதும், அறிமுகமில்லாதவர் அன்பளிப்பாகத் தரும் நினைவகக் குச்சியைக் கணினியில் செருகுவதும் அறிவுடைமை ஆகா. அழகிய படத்தோடு முகநூலில் நட்பு நாடி வருவோரைப் பற்றியும் எழுதவேண்டும். இவ்விதழை வீட்டில் எல்லோரும் படிப்பர் என்பதால் இவ்வளவோடு நிறுத்துகின்றோம். பணியாளர் பலர் அவ்வலையில் சிக்கி, நாட்டின் மறைபொருளை விற்ற குற்றத்திற்குக் கைதானதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

விருந்தோம்பலிலும் விதியுண்டு. அயல்நாட்டு நிறுவனமோ அரசோ பயணச்செலவு, உணவு, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றை ஏற்பதாகச் சொன்னால், 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அரசு ஊழியர் மைய அரசின் முன்னிசைவு பெறவேண்டும். திடீர் நோயுற்று அவசர மருத்துவம் பெற நேர்ந்தால் மட்டும் முன்னிசைவு வேண்டா. பெற்ற ஒரு திங்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். நோயிலிருந்து எழுந்தவர் இதனை நினைவில் வைத்திருப்பது அரிது. ஆதலின் இதுவும் வீட்டார் அறிந்திருக்க வேண்டிய ஒன்றே. நம் இருப்புப்பாதை மருத்துவ அட்டையைக் காட்டினால் எந்த அயல்நாட்டு மருத்துவமனையின் கதவும் திறவாது. பயணக் காப்பீட்டுச் சீட்டின் எண்ணும், அந்நிறுவனத்தின் தொலைபேசி எண்ணும் வீட்டில் ஒரு தாளில் இருக்கவேண்டும். அதே தாளில் கடவுச்சீட்டின் எண், தங்கும் விடுதி, தூதரகத் தொலைபேசி, அலுவலகத்தில் கேட்கவேண்டியவர் பெயர், உண்ணும் மருந்துகள், குருதி வகை ஆகியவற்றையும் எழுதுங்கள். அத்தாளைச் செல்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், சாமி அறையிலோ அரிசிப் பானைக்கு மேலுள்ள பலகையிலோ வையுங்கள். எல்லோருக்கும் தெரிந்த இடம் அதுவன்றோ!

இல்லத்தார் செய்யாதிருக்க வேண்டியதும் ஒன்றுண்டு. “அப்பா இன்று நைரோபியில், இன்ன விடுதியில், இன்ன அறையில்” என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் உறவினர் குழுவிற்கெல்லாம் அனுப்புவது வேண்டா. நம் சுற்றத்தார் நல்லவர்களே. அவர்கள் வேறு குழுக்களிலும் இருக்கிறார்கள். தலைவர் ஊரில் இல்லை என்பது திருடனுக்கும் தெரியும், ஏமாற்றுவோனுக்கும் தெரியும். “உங்கள் கணவர் வானூர்தி நிலையத்தில் பிடிபட்டார், உடனே பணம் அனுப்புங்கள்” என்றும், ‘டிஜிட்டல் கைது’ என்றும் காவலர் உடையில் திரையில் தோன்றி மிரட்டும் கூட்டத்தாரிடம் இந்நகரில் கற்றோரே இலட்சக்கணக்கில் இழந்துள்ளனர். அத்தகைய கைது சட்டத்தில் இல்லை என்று 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தலைமை அமைச்சரே வானொலியில் கூறினார். அழைப்பைத் துண்டித்து, வீட்டுத் தாளிலுள்ள அலுவலக எண்ணையோ தூதரக எண்ணையோ கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். கணவரும் மனைவியும் புறப்படுமுன் தமக்குள் ஒரு சொல்லைக் குறித்துவைத்துக் கொள்ளலாம். அவசரம் என்று அழைப்பவர் அச்சொல்லைச் சொல்லாவிடில் அவர் கணவரல்லர். நம் நண்பர் ஒருவர் தம் குலதெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார். தெருவில் எல்லோரும் அறிந்த பெயர் அது. வேறு சொல் தேர்க என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.

நம் அலுவலகத்தில் உடல்நலத் தாளை இப்போது இரண்டாக எடுக்கின்றோம். ஒன்றைக் கோப்பில் வைக்கிறோம். மற்றொன்றைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதி, செல்பவர் வீட்டிற்கு அனுப்புகிறோம். விதியில் அப்படி இல்லை என்று மேலிடத்தில் ஒருவர் கேட்டார். அனுப்பக் கூடாது என்றும் விதியில் இல்லை என்று சொல்லிவிட்டோம். அலசூர் அம்மையாரும் கணவரின் அலுவலகத்தில் அத்தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க மறுப்பார் இலர்.

மடலின் இறுதியில், எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பலாமா என்றும் அம்மையார் கேட்டிருந்தார். கைப்பையில் வேண்டா, வானூர்தி நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இறுக மூடிய புட்டியில், எண்ணெய் கசியாதவாறு இரண்டு பைகளில் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வைத்தனுப்புங்கள். அங்குச் சுங்கத்தில் கேட்டால் உணவுப்பொருள் என்று மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஊசியை மட்டும் இந்தக் கிழமையே போட்டுவிடட்டும்.